கண்ணீர் போகும் வழி

கண்ணீர் வருவதைப் பற்றித் தமிழில் எழுதியிருப்பதையெல்லாம் தொகுத்தால் ஒரு நூலகமே நிரம்பும். பெருகியது, வழிந்தது, ததும்பியது, ஆறாக ஓடியது என்று எத்தனை வினைச்சொற்கள். ஆனால் நாம் அழாத நேரத்திலும் கண்ணில் நீர் ஊறிக்கொண்டேதான் இருக்கிறது. அந்த நீர் எங்கே போகிறது? இதைப் பற்றி இலக்கியம் பெரிதாக அலட்டிக்கொண்டதாகத் தெரியவில்லை. கவலைப்பட்டவர்கள் அறுவை மருத்துவர்கள்தான். அவர்களுக்கும் விஷயம் பிடிபடக் கிட்டத்தட்ட மூவாயிரத்து ஐந்நூறு வருஷம் ஆனது.

அழும்போது மூக்கைச் சிந்துகிறோம் இல்லையா? கண்ணில் சொட்டு மருந்து விட்டால் கொஞ்ச நேரத்தில் தொண்டை கசக்கிறது இல்லையா? கண்ணிலிருந்து மூக்குக்கு ஒரு வழி இருக்கிறது என்பதற்கு நம் எல்லோருக்கும் கிடைக்கும் சாட்சி அதுதான். கண்ணாடி முன் நின்று கீழ் இமையை, மூக்கோரமாக, லேசாக வெளிப்பக்கம் திருப்பிப் பாருங்கள். சின்ன மேட்டின் மேல் ஊசிமுனை அளவு ஒரு துளை தெரியும். மேல் இமையிலும் அதேபோல் ஒன்று உண்டு. ஒவ்வொரு துளையிலிருந்தும் ஒரு நுண்குழாய் 2 மில்லிமீட்டர் செங்குத்தாகச் சென்று, பிறகு மடங்கி, இமை விளிம்பை ஒட்டியே 8 மில்லிமீட்டர் அளவுக்கு மூக்கை நோக்கிப் போகிறது. பெரும்பாலானவர்களுக்கு இரண்டும் சேர்ந்து ஒன்றாகிக் கண்ணீர்ப் பையில் திறக்கும். பையிலிருந்து எலும்புக்குள் இறங்கும் குழாய் மூக்கின் உள்ளே போய் முடியும். மேலே இருக்கும் அந்த நுண்குழாயின் அகலம் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. இந்தக் கட்டுரை அந்த ஒரு மில்லிமீட்டரின் வரலாறு.

பத்து ஷெக்கல், அல்லது கை

ஹம்முராபியின் சட்டக் கல்லைப் பள்ளிப் பாடத்தில் படித்திருப்போம். 'கண்ணுக்குக் கண்' என்பதற்காக எல்லோரும் மேற்கோள் காட்டுவது. கி.மு. 18ஆம் நூற்றாண்டில் பாபிலோனில் வெட்டப்பட்டு, 1901-ல் ஈரானின் சூசாவில் கண்டெடுக்கப்பட்டு, இப்போது பாரிஸின் லூவர் அருங்காட்சியகத்தில் நிற்கிறது. அதில் மருத்துவர் கட்டணம் பற்றிச் சில விதிகள் உண்டு. வெண்கலக் கத்தியால் ஒருவரின் 'நக்காப்து'வைத் திறந்து கண்ணைக் காப்பாற்றினால் மருத்துவருக்குப் பத்து ஷெக்கல் வெள்ளி. நோயாளி மேல்தட்டுக்காரராக இருந்து, செத்துப்போனாலோ கண் போனாலோ மருத்துவரின் கையை வெட்டிவிட வேண்டும்.

அந்த 'நக்காப்து' என்ன என்பதில் அறிஞர்களுக்குள் இன்றும் சண்டை. கண்புரை என்றார்கள் சிலர். புருவ மேடு அல்லது நெற்றிப்பொட்டு என்றார்கள் சிலர். கண்ணின் உள்மூலையில் சீழ் கட்டி வீங்கும் கண்ணீர்ப் பைக் கட்டிதான் அது என்று வாதிடுபவர்களும் உண்டு. நான் மூன்றாவது கட்சியின் பக்கம் கொஞ்சம் சாய்கிறேன். காரணம் எளிது: கீறிவிட்டால் உடனே குணம் தெரியும் நோய் அது. அதற்குத்தான் காசு கொடுப்பார்கள்.

ரோமானியரான செல்சஸ் முதலாம் நூற்றாண்டில் எழுதிய மருத்துவ நூலில் சந்தேகத்துக்கு இடமில்லை. கண்ணின் மூக்கோர மூலையில் புரையோடிச் சீழ் வடியும் புண்ணை அவர் விவரிக்கிறார். வைத்தியம்: புண்ணின் வாயைக் கொக்கியால் பிடித்து, எலும்பு வரைக்கும் வெட்டி எடுத்து, பழுக்கக் காய்ச்சிய இரும்பால் சுடுவது. சுமார் ஆயிரம் வருஷம் கழித்து, ஸ்பெயினின் கொர்டோபாவுக்கு அருகே வாழ்ந்த அல்-ஸஹ்ராவியும் சூட்டுக்கோலைத்தான் எடுக்கிறார். ஆனால் ஒரு படி மேலே போகிறார். சூட்டுக்குக் கட்டுப்படாவிட்டால் எலும்பைத் துளைத்து மூக்குக்குள் வழி விடச் சொல்கிறார். வடிகால் வேண்டும் என்பது கைக்குத் தெரிந்துவிட்டது. மூளைக்குத்தான் இன்னும் தெரியவில்லை.

ஓர் ஆட்டுத் தலை

ஏனென்றால் அந்தக் காலம் முழுக்கக் கண்ணீர் மூளையிலிருந்து வருகிறது என்றே பெரும்பாலும் நம்பினார்கள். தெகார்த் 1649-ல் வெளியான தன் நூலில், கண்ணிலிருந்து வெளியேறும் ஆவி குளிர்ந்து கண்ணீராகிறது என்று எழுதினார். சிந்தனையாளர்களுக்கு அதில் ஒரு வசதி இருந்தது. துக்கம் மேலே, கண்ணீர் கீழே, நடுவில் ஒரு குழாய்கூடத் தேவையில்லை.

1660-ல் நீல்ஸ் ஸ்டென்சன் என்ற டென்மார்க் இளைஞர் ஆம்ஸ்டர்டாமில் ஓர் ஆட்டுத் தலையை அறுத்துக்கொண்டிருந்தார். ஸ்டீனோ என்றால் அதிகம் பேருக்குத் தெரியும். வயது 22. கன்னத்தில் இருக்கும் உமிழ்நீர்ச் சுரப்பியிலிருந்து வாய்க்குள் போகும் குழாயில் அவருடைய சலாகை நுழைந்தது. பல்லில் பட்டு 'டக்' என்றது. அவர் தங்கியிருந்த வீட்டுப் பேராசிரியர் அது தன் கண்டுபிடிப்பு என்று சொல்ல, பெரிய தகராறு. ஸ்டீனோ விடவில்லை. வாயை முடித்துக் கண்ணுக்கு வந்தார். 1662-ல் லெய்டனில் வெளியிட்ட நூலில், கண்ணீர் வருவது மூளையிலிருந்து அல்ல, கண்ணுக்கு மேலே இருக்கும் சுரப்பியிலிருந்து என்று காட்டினார். அதன் வேலை கண்ணை ஈரமாக வைத்திருப்பது. துக்கத்துக்கு முன்பே, தினப்படி காரியத்துக்காக இருக்கும் நீர் அது.

இதே ஸ்டீனோதான் பிறகு பாறை அடுக்குகளைப் பற்றி எழுதி நிலவியலின் முன்னோடி ஆனார். கடைசியில் பிஷப்பும் ஆனார்.

1702-ல் ஜெர்மானியரான ஷ்டால் அடுத்த படியை எடுத்து வைத்தார். மூலையில் சீழ் வருகிறதென்றால் அது புண் அல்ல, கீழே அடைப்பு என்றார். சாக்கடை பொங்கினால் தெருவைக் கழுவிப் பிரயோஜனம் இல்லை, அடைப்பை எடுக்க வேண்டும். இன்றைக்கு இது சாதாரணமாகத் தெரிகிறது. ஆயிரத்தைந்நூறு வருஷம் தெருவைச் சூட்டுக்கோலால் சுட்டுக்கொண்டிருந்தவர்களை நினைத்தால்தான் அதன் கனம் தெரியும்.

வாயால் உறிஞ்சாதவர்

எனக்கு இந்த வரலாற்றில் ரொம்பப் பிடித்த ஆள் தொமினிக் அனெல். பிரெஞ்சுக்காரர், ராணுவத்தில் அறுவை மருத்துவர். அந்தக் காலத்துப் படைகளில் காயத்தில் வாய் வைத்து உறிஞ்சுவதற்கென்றே ஆட்கள் இருந்தார்கள். அனெல் 1707-ல் ஒரு சிறு நூல் எழுதினார்: மனித வாயைப் பயன்படுத்தாமல் காயத்தை உறிஞ்சுவது எப்படி என்று. அதற்காக ஒரு பீச்சுகுழலையும் வடிவமைத்தார்.

சில வருஷங்களில் அதே யோசனையைக் கண்ணுக்குக் கொண்டுவந்தார். 1712-ல் ஜெனோவாவில் ஒரு பாதிரியாரின் கண்ணீர்த் துளை வழியாக மெல்லிய சலாகையை விட்டு அடைப்பை நீக்கி, மிக நுண்ணிய முனை கொண்ட பீச்சுகுழலால் மருந்து நீரைச் செலுத்தினார். 1713-ல் டுரினில் இதை நூலாக வெளியிட்டார். கத்தி இல்லை, சூடு இல்லை. இயற்கை வைத்த வாசல் வழியாகவே உள்ளே போனார். முன்னூறு வருஷம் கழித்தும் கண் மருத்துவமனையில் 'டக்ட் வாஷ்' என்று செய்வது அடிப்படையில் இதுதான். உப்புநீரை விட்டுவிட்டு, "தொண்டைக்கு வருதா?" என்று கேட்பார்கள். வந்தால் வழி திறந்திருக்கிறது.

ஆனால் வரலாறு நேர்க்கோட்டில் போவதில்லை. 1850களில் லண்டனின் வில்லியம் போமன், சலாகை விட வசதியாக நுண்குழாயை நீளவாக்கில் கீறித் திறந்துவிடும் முறையைக் கொண்டுவந்தார். குழாய் வாய்க்காலாகிவிடும். தண்ணீர் போக வழி இருந்தால் போதும், குழாயாக இருந்தால் என்ன, வாய்க்காலாக இருந்தால் என்ன என்பது அன்றைய கணக்கு. அவர் பெயர் தாங்கிய சலாகைகள் இன்றும் ஒவ்வொரு கண் அறுவை அரங்கிலும் இருக்கின்றன. அவர் கீறியதை இன்று யாரும் அவ்வளவு சுலபமாகக் கீறுவதில்லை.

காரணம், அது வெறும் குழாய் இல்லை. பம்பு. நுண்குழாய்களைச் சுற்றித் தசைநார்கள் இருக்கின்றன. இமை மூடித் திறக்கும்போது அவை அழுத்தி, விட்டு, கண்ணீரை உள்ளே இழுக்கின்றன. ஒவ்வொரு இமைப்பும் ஓர் உறிஞ்சல். அமெரிக்காவின் லெஸ்டர் ஜோன்ஸ் 20ஆம் நூற்றாண்டின் நடுவில் இதைத் தெளிவாக விளக்கினார். அதற்குப் பிறகுதான் நுண்குழாய் அறுந்தால் அறுந்தது ஓட்டை மட்டும் இல்லை, ஒரு எந்திரம் என்று புரிந்தது.

இடையில் 1904-ல் ஃப்ளோரன்ஸின் அட்டியோ தோத்தி எலும்பில் ஜன்னல் வெட்டிக் கண்ணீர்ப் பையை நேராக மூக்கோடு இணைத்தார். அல்-ஸஹ்ராவியின் துளைக்கு முறையான வடிவம் என்று சொல்லலாம். கீழே அடைத்துக்கொண்டால் அது இன்றும் நல்ல தீர்வு. ஆனால் இமைக்குள்ளேயே நுண்குழாய்கள் போய்விட்டால் பைக்கு நீர் வருவதே இல்லை. ஜன்னல் வைத்து என்ன பண்ண? அவர்களுக்காக 1960களில் ஜோன்ஸ் ஒரு கண்ணாடிக் குழாயைக் கொண்டுவந்தார். கண்ணின் மூலையிலிருந்து மூக்குக்குள் நேராக. வாழ்நாள் முழுக்க உள்ளேயே இருக்கும். தும்மும்போது கண்ணை இறுக மூடி விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் எகிறிவிடும். நுண்குழாயைச் சரியான நேரத்தில் ஒட்ட வைக்காவிட்டால் கடைசியில் போய் நிற்கும் இடம் இது.

"நான் அழல சித்தி"

என் அக்கா மகளுக்கு ஆறு வயதில் தெருநாய் கடித்தது. கீழ் இமை, மூக்கோரம். ராத்திரி பக்கத்து ஊர் மருத்துவமனையில் காயத்தைக் கழுவி, ஊசிகள் போட்டு, மேல்தோலைத் தைத்து அனுப்பினார்கள். "கண்ணுக்கு ஒண்ணும் ஆகலை, பார்வை நல்லா இருக்கு" என்றார்கள். அது உண்மைதான். பார்வை நன்றாகவே இருந்தது.

காலையில் அவள் என்னிடம் சொன்னாள்: "நான் அழல சித்தி, கண்ணுதான் அழுவுது."

மருத்துவ மொழியில் இதற்கு ஒரு கிரேக்கச் சொல் இருக்கிறது. இவ்வளவு துல்லியமாக இல்லை.

அன்றைக்கே நகரத்துக்குக் கொண்டுபோனோம். அங்கே இருந்த அம்மா கண்ணைப் பார்ப்பதற்கு முன் காயத்தின் இடத்தைப் பார்த்தார். "துளைக்கு இந்தப் பக்கமாக் கிழிஞ்சிருக்கு. டக்ட் கட்டாகாம இருக்க வாய்ப்பே இல்ல" என்றார். சலாகையைத் துளை வழியாக விட்டபோது, அது காயத்துக்குள் வெளியே எட்டிப் பார்த்தது. மயக்கம் கொடுத்து, போட்ட தையலைப் பிரித்து, நுண்ணோக்கியில் மறுபடி தைத்தார்கள். உள்ளே ஒரு சிலிக்கோன் டியூப்.

இமையின் பெரும்பகுதிக்குள் கெட்டியான ஒரு தகடு இருக்கிறது. மூக்கோரத்தில், துளைக்கு அப்பால், அது இல்லை. அதனால்தான் கன்னத்தில் குத்து விழுந்தாலும், கொக்கி மாட்டி இழுத்தாலும், நாய் கவ்வினாலும், இமை தன் பலவீனமான இடத்தில் கிழிகிறது. அடி படும் இடம் ஒன்று, கிழியும் இடம் வேறு. நுண்குழாய் ஓடுவதோ சரியாக அந்தப் பலவீனமான இடத்தில்.

வேப்பங்குச்சி

எந்தக் காயமும் ஆற வேண்டும் என்றுதான் வேண்டிக்கொள்கிறோம். ஆனால் அறுந்த குழாய் சும்மா ஆறினால் மூடிக்கொள்ளும். உடம்புக்குத் துளை என்றால் ஓட்டை. ஓட்டையை அடைப்பது அதன் குணம். காது குத்திய பிள்ளைக்குத் தோட்டைக் கழற்றினால் என்ன ஆகும்? தூர்ந்துபோகும். அதனால்தான் வேப்பங்குச்சியோ ஈர்க்குச்சியோ சொருகி வைக்கிறார்கள். சுற்றிலும் தோல் வளர்ந்து துளை நிலைக்கிற வரைக்கும் அது இருக்க வேண்டும். கண்ணீர் நுண்குழாய் அறுவையின் நூற்றாண்டு வரலாறு, அடிப்படையில், சரியான குச்சியைத் தேடிய வரலாறு.

பட்டு நூல், உலோகக் கம்பி, நைலான், பாலித்தீன் என்று எல்லாம் வைத்துப் பார்த்தார்கள். கெட்டியாக இருந்தால் துளையை அறுத்துக்கொண்டு வெளியே வந்தது. சிலிக்கோன் வந்த பிறகுதான் நிலைமை மாறியது. வழவழப்பு, மிருது, உடம்பு அதிகம் சண்டை போடாத பொருள். 1970-ல் குயிக்கெர்ட், டிரைடன் இருவரும் சலாகையில் கோத்த சிலிக்கோன் குழாயை மேல் துளை, கீழ் துளை இரண்டின் வழியாகவும் மூக்குக்குள் இறக்கும் முறையை வெளியிட்டார்கள். 1977-ல் கிராஃபர்ட் அதை மூக்கிலிருந்து கொக்கி போட்டு எடுக்க வசதி செய்தார்.

ஆனால் குச்சியைச் சொருகுமுன் அறுந்த குழாயின் மறுமுனையைக் கண்டுபிடிக்க வேண்டும். துளைப்பக்க முனை சுலபம், சலாகை காட்டிக்கொடுக்கும். மூக்குப்பக்க முனை உள்ளே சுருங்கிப்போய், வீங்கிய சதைக்குள், ரத்தத்துக்கு நடுவே ஒளிந்திருக்கும். பழகிய கண்ணுக்கு அது வெளிறிய, பளபளப்பான, உதடு மடிந்த ஒரு சிறு வளையம். தெரியாவிட்டால் காயத்தில் தண்ணீர் நிரப்பி, நன்றாக இருக்கும் மற்ற துளை வழியாகக் காற்றைச் செலுத்திக் குமிழி வருமிடத்தைப் பார்ப்பார்கள். சைக்கிள் கடையில் பஞ்சர் பார்ப்பது போலத்தான்.

1962-ல் நெதர்லாந்தின் யான் வொர்ஸ்ட் வேறு வழி சொன்னார். பன்றி வால் போல் வளைந்த ஒரு சலாகை. அதை நல்ல துளை வழியாக நுழைத்துச் சுழற்றினால், இரு குழாய்களும் சேரும் இடத்தைச் சுற்றி வந்து, அறுந்த முனையில் வெளிப்படும். புத்திசாலித்தனமான கருவி. பெரிய சண்டையும் அதிலிருந்துதான் வந்தது. சிலருக்கு இரண்டு குழாய்களும் ஒன்றாகச் சேர்வதே இல்லை. சுழற்றும்போது பொய்வழி விழுந்தால், நன்றாக இருந்த குழாயும் போச்சு. கெட்டதைச் சரிசெய்ய நல்லதைப் பணயம் வைக்கலாமா? முனையை மழுக்கி, காதுத்துளை வைத்துத் திருத்திய வடிவத்தை இன்றும் கவனமாகப் பயன்படுத்துகிறவர்கள் இருக்கிறார்கள். தொடவே மாட்டேன் என்பவர்களும் இருக்கிறார்கள்.

இன்னொரு கட்சி இன்னும் கடுமையானது. ஒரு குழாய் போனால் என்ன, இன்னொன்று போதுமே, எதற்கு இந்தப் பாடு என்பது அவர்கள் வாதம். பலருக்கு ஒன்று போதும் என்பது உண்மைதான். ஆனால் யாருக்குப் போதும், யாருக்குப் போதாது என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. ஆறு வயதுக் குழந்தைக்கு இன்னும் அறுபது வருஷம் காற்றும் தூசியும் பாக்கி. மிச்சமிருக்கும் ஒன்றுக்கும் நாளை ஏதாவது ஆகலாம். பாரிஸின் புரூனோ ஃபயே உருவாக்கிய 'மோனோகா' வகைக் குழாய் இந்த வாதத்தை ஓரளவு முடித்து வைத்தது. அறுந்த குழாய்க்குள் மட்டும் போகும். துளையில் ஒரு சிறு தொப்பி போல் உட்கார்ந்துகொள்ளும். நல்ல குழாயைத் தொட வேண்டிய அவசியமே இல்லை. என் அக்கா மகளுக்கு வைத்ததும் அந்த வகைதான்.

எது குணமாக்குகிறது

இத்தனை கருவிகளுக்குப் பிறகும் பலன் எதைப் பொறுத்தது? முதலில் நேரம். ஓரிரு நாட்களுக்குள் செய்வது நல்லது என்பது பொதுவான வழக்கம். பிறகு தழும்பு விழுந்து முனையைக் கண்டுபிடிப்பது கஷ்டம். அதற்காக நடுராத்திரியில், தூக்கக் கலக்கத்தில், நுண்ணோக்கி இல்லாமல் செய்வதைவிட, மறுநாள் காலையில் பழகிய கை செய்வது மேல். நாய்க்கடியில் இன்னொரு கணக்கும் உண்டு: சோப்புப் போட்டுக் கால் மணி நேரம் கழுவி, தடுப்பூசி தொடங்கி, காயத்துக்குள் வெறிநாய்க்கடி எதிர்ப்புரத மருந்தைச் செலுத்திய பிறகே தைக்க வேண்டும். அழகைவிட, கண்ணீரைவிட, உயிர் முதலில்.

அடுத்தது கிழிந்த இடமும் விதமும். துளைக்குப் பக்கத்தில் சுத்தமாக அறுந்தால் சுலபம். பைக்கு அருகே ஆழத்தில் பிய்ந்தால் சிரமம். கண்ணின் மூலையை எலும்போடு கட்டி வைத்திருக்கும் நாரும் சேர்ந்து அறுந்திருந்தால் அதையும் பழைய இடத்தில், பின்பக்கமாக இழுத்துக் கட்ட வேண்டும். இல்லாவிட்டால் இமை கண்ணை விட்டு விலகி நிற்கும். துளை நீரைத் தொடவே தொடாது. அப்புறம் குழாய் எவ்வளவு நாள் உள்ளே தங்குகிறது என்பது. பொதுவாக மூன்று மாதம் அளவுக்கு விடுகிறார்கள். குழந்தைகள் தேய்த்தே பிடுங்கிவிடுவார்கள்.

கடைசியாக ஒரு வேடிக்கை. நீர் விட்டுப் பார்த்தால் வழி திறந்திருக்கும், ஆனாலும் கண் கலங்கும். பம்பு முன்போல் இயங்கவில்லை என்று அர்த்தம். இதற்கு நேர்மாறாகவும் நடக்கும்: குழாய் அடைத்திருக்கும், கண் கலங்காது. அதனால் அறுவை 'வெற்றி' என்று ஓர் ஆய்வு சொன்னால் எந்த வெற்றி என்று கேட்க வேண்டியிருக்கிறது. மருத்துவர் அளப்பது வழியை. நோயாளி அளப்பது கைக்குட்டையை. எங்கள் வீட்டுக்கணக்கில், எதிர்காற்றில் வண்டியில் போனால் மட்டும் கொஞ்சம் கலங்குகிறது.

இன்று ஹைதராபாத்தின் எல்.வி. பிரசாத் கண் மருத்துவ நிறுவனத்தில் கண்ணீர்ப் பாதைக்கென்றே தனியாக ஒரு பிரிவு இயங்குகிறது. அனெல் பார்த்தால் சந்தோஷப்படுவார். ஆனால் சலாகையும் சிலிக்கோனும் நகரத்தில் இருக்க, காயம் முதலில் போவது என்னவோ பக்கத்து ஊருக்குத்தான். அங்கே தேவைப்படுவது கருவி இல்லை, ஒரு சந்தேகம். ஆகவே இதைப் படிக்கிறவர்களுக்கு வரலாற்றிலிருந்து ஒரே ஒரு உபயோகமான விஷயம்: யாருக்காவது இமையில், மூக்கோரமாகக் காயம் பட்டால், அது எவ்வளவு சின்னதாக இருந்தாலும், தையல் போடுவதற்கு முன் இந்தக் கேள்வியைக் கேளுங்கள். "டக்ட் பார்த்தீங்களா?"